கிபூச்சி இன்னும் பிறக்கவில்லை

கிபூச்சிக்கு அறுபத்தெட்டு வயது. முன்பல் நாலு போய்விட்டது, தேயிலைக் கூடை சுமந்து சுமந்து தோள் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. ஆனாலும் ஊர்க் கணக்கில் அவர் இன்னும் பிறக்கவில்லை.

கென்யாவின் முராங்கா மேட்டில் எல்லா வீட்டிலும் இதே முறைதான். தலைமகனுக்குக் கணவனுடைய அப்பாவின் பெயர், இரண்டாவது மகனுக்கு மனைவியுடைய அப்பாவின் பெயர். பெண்பிள்ளைகளுக்கும் இதே வரிசையில் இரண்டு அம்மாக்களின் பெயர். பெயர் விழுந்துவிட்டால் அந்த ஆள் மறுபடி பிறந்துவிட்டார் என்று அர்த்தம். கிபூச்சிக்கு ஒரே மகள், நியாவிரா. அவளுக்கு மூன்று பிள்ளைகள். மாமியார் பிறந்தாயிற்று, மாமனார் பிறந்தாயிற்று, போன வருஷம் செத்துப்போன அவளுடைய அம்மாவும் பிறந்தாயிற்று. மிச்சம் கிபூச்சி மட்டும்தான். அதற்கு இன்னொரு ஆண்பிள்ளை வேண்டும்.

நியாவிராவுக்கோ போதும் போதும் என்றாகிவிட்டது. மூன்றாவது பிரசவத்தில் இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றிய பிறகுதான் கண்ணையே திறந்தாள். வருகிற வெள்ளிக்கிழமை கருத்தடை ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியிருந்தாள். கணவன் முவானிக்கிக்கு முழுச் சம்மதம். அப்பாவிடம்தான் சொல்லவில்லை. ஒரு மாதமாக, இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று ஓடை தாண்டி அவர் வீட்டுக்குப் போவாள், டீ குடிப்பாள், மழையைப் பற்றி நாலு வார்த்தை பேசுவாள், திரும்பி வந்துவிடுவாள்.

இந்த லட்சணத்தில் ஊர்த் தலைவர் புதன்கிழமை கூட்டம் போட்டார். பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்புக்கு ஒன்பது பிள்ளைகள்தான் சேர்ந்திருந்தார்கள். இருபது சேராவிட்டால் எதிர்மேட்டுப் பள்ளியோடு சேர்த்துவிடுவோம் என்று மேலிடத்திலிருந்து கடிதம். ஜனம் கூடவேண்டுமா, குறையவேண்டுமா என்று இரண்டு பக்கமும் பேசிவிடட்டும் என்றார் தலைவர். கூடவேண்டும் என்று பேச, பள்ளிக் கமிட்டித் தலைவர் கிபூச்சி. குறையவேண்டும் என்று பேச, ஊர் சுகாதாரத் தொண்டர் நியாவிரா.

"உங்கப்பாவுக்கு எதிரா மைக் பிடிக்கப் போறியா?" என்றான் முவானிக்கி, அன்று காலை அவித்த கிழங்கை உரித்தபடி.

"தலைவர் போட்ட லிஸ்ட்டு. நானா கேட்டேன்?"

"அவரு நல்லா பேசுவாருடி. போன தடவை பால் சங்கத்துல அவரு பேசி முடிச்சப்ப நானே எனக்கு எதிரா கை தூக்கிட்டேன்."

"சிரிக்காதீங்க. கூட்டத்துல எவளாவது வெள்ளிக்கிழமையப் பத்தி வாய விட்டுட்டா?"

"எவளுக்குத் தெரியும்?"

"அடுத்த வீட்டு வமைதாவுக்கு. ஆஸ்பத்திரி வாசல்ல என்னைப் பாத்துட்டா."

முவானிக்கி கிழங்கைத் தட்டிலேயே போட்டுவிட்டான். "அப்ப ஊருக்கே தெரியும்."

பள்ளி மைதானத்தில் கூட்டம் நிரம்பி வழிந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளை அனுப்பாதவர்கள்கூட, அப்பனும் மகளும் மோதுவதைப் பார்க்க நாற்காலி தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள்.

கிபூச்சி மைக்கைத் தட்டிப் பார்க்கவில்லை. அவர் குரலுக்கு அது தேவையும் இல்லை. "ஒண்ணாங்கிளாஸ் பெஞ்சுல இப்ப ஆடு ஏறிப் படுக்குது. நான் கண்ணால பாத்தேன். பள்ளிக்கூடத்த மூடினா அஞ்சு வயசுப் புள்ள பள்ளத்துல எறங்கி எதிர்மேட்டுல ஏறணும், மழைக்காலத்துல! ரேடியோவத் தொறந்தா ஜனம் ஜாஸ்தி ஜனம் ஜாஸ்திங்கறான். எங்கய்யா ஜாஸ்தி? இங்க வந்து காமிக்கச் சொல்லுங்க. கொழுந்து பறிக்க ஆள் தேடி நான் மூணு மேடு நடக்கறேன். நாம கூட்டம்னு சொல்றவன் வீட்டுல ஒருத்தன் எரிக்கற பெட்ரோல்ல நம்ம ஊரு முழுக்க ஒரு வருஷம் அடுப்பெரிக்கலாம். அவன் நம்மளப் பாத்துக் குறைங்கறான்!"

கைதட்டல் ஓயுமுன் பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "கிபூச்சி, நீங்க ஒண்ணே ஒண்ணு பெத்துட்டு எங்களப் பெக்கச் சொல்றீங்களே!"

"அந்த ஒண்ணு பத்தாளு பேச்சு பேசும். இரு, இப்ப வரும்!"

சிரிப்புக்கு நடுவில் நியாவிரா எழுந்தாள். கிபூச்சியின் அம்மா பெயரைத் தாங்கியவள் என்பதால் அவளை அவர் என்றைக்கும் 'அம்மா' என்றுதான் கூப்பிடுவார். இப்போதும் மைக்கைக் கொடுக்கும்போது, "பாத்துப் பேசும்மா, இது ஷாக் அடிக்கும்" என்றார்.

"எங்க வீட்டுக்காரரோட பாட்டனாருக்குப் பன்னண்டு ஏக்கர்" என்று ஆரம்பித்தாள். "பங்கு பிரிச்சுப் பிரிச்சு எங்களுக்கு வந்தது நாலு வரிசைத் தேயிலை. நான் குனிஞ்சு கொழுந்து பறிச்சா, என் பின்பக்கம் கொழுந்தனார் தோட்டத்துல நிக்குது."

மைதானமே குலுங்கியது. கொழுந்தனார் முகத்தைத் தொப்பியால் மூடிக்கொண்டார்.

"நைரோபிக்கு ஓடின நம்ம பசங்க அங்க ஒரு ரூம்புல ஆறு பேரு கெடக்கறாங்க. இங்க ஆளில்ல, அங்க எடமில்ல."

"அப்ப ஜாஸ்தியா, கம்மியா? ஒரு பக்கமா நில்லும்மா!" என்றார் கிபூச்சி.

"ரெண்டும்தான்ப்பா! அதான் சொல்றேன், ஒலகத்தையே மொத்தமா எண்ணிப் பாத்து என்ன ஆகப் போவுது? பெஞ்ச நெரப்பணும்னு பெக்கறதும் தப்பு, எவனோ ரேடியோல சொல்றான்னு நிறுத்தறதும் தப்பு. வீட்டுக்கு வீடு அந்தப் பொம்பளையக் கேளுங்க. அவதானே சொமக்கறா."

பெண்கள் பக்கம் ஒரு முணுமுணுப்பு கிளம்பியது. நல்ல மாதிரியான முணுமுணுப்புதான். அதற்குள் வமைதா எழுந்துவிட்டாள். இடுப்பில் கை.

"எங்களக் கேக்கறது இருக்கட்டும்டீ. முதல்ல உங்கப்பன் பொறந்தாச்சா? வெள்ளிக்கிழமை கடைய மூடப் போறியாமே! பெத்த மனுசன வெளிய நிறுத்திட்டுக் கதவச் சாத்தறியே, இதான் நீ கத்துக்குடுக்கற சுகாதாரமா?"

யாரும் சிரிக்கவில்லை. நியாவிரா மைக்கைப் பிடித்தபடியே நின்றாள். அப்பாவைப் பார்க்கக்கூடாது என்று நினைத்தாள், பார்த்தாள். கிபூச்சி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு நேரம் மைதானத்தையே நிறைத்துக்கொண்டு நின்ற மனிதர், அந்த ஒரு நொடியில் நாற்காலிக்குள் சுருங்கிவிட்டது போலிருந்தது. வெள்ளிக்கிழமை போகவேண்டாம், இன்னொரு தடவை ரத்தம் ஏற்றினால் ஏற்றட்டும் என்று வாய்வரை வந்துவிட்டது.

அப்போதுதான் அவளுடைய மாமனார் கச்சாஞ்சா கைத்தடியை ஊன்றி எழுந்தார். ஆறு மகன்களையும் ஐந்து மகள்களையும் பெற்றவர்.

"எல்லாரும் கேளுங்க. என் பேர்ல இந்த ஊர்ல பதினோரு பேரன் இருக்கான். போன மாசம் கச்சாஞ்சா கொய்யா திருடிட்டான்னு ஹெட்மாஸ்டர் அங்க படிக்கற கச்சாஞ்சா அத்தன பேரையும் முட்டி போட வச்சாரு. போதும்ப்பா என்னைப் பொறக்க வச்சது! எனக்கே சலிச்சுப் போச்சு." சம்பந்தியின் பக்கம் திரும்பினார். "முவானிக்கி பையனுக்கு இன்னும் பிறப்புச் சான்றிதழ் வாங்கல, பள்ளிக்கூடத்துலயும் சேக்கல. நானே மனசாரச் சொல்றேன். அவன கிபூச்சின்னு எழுதிக்கங்க. எடுத்துக்கங்க சம்பந்தி!"

தலைமகனின் பெயரைத் தாத்தாவே விட்டுக்கொடுப்பதை அந்த மேட்டில் யாரும் பார்த்ததில்லை. மைதானம் கைதட்டலில் அதிர்ந்தது. தலைவர் தானே ஏற்பாடு செய்தது போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். நியாவிராவுக்குக் கால் தரையில் இல்லை. முடிந்தது, எல்லாம் நல்லபடியாக முடிந்தது!

கிபூச்சி மெதுவாக எழுந்தார். சோடா மூடிகளை அடுக்கி விளையாடிக்கொண்டிருந்த பேரனுக்குப் பின்னால், பத்தடி தள்ளிப் போய் நின்றார்.

"கிபூச்சி!" என்று கூப்பிட்டார்.

பையன் அடுக்கிக்கொண்டே இருந்தான்.

"டேய், கிபூச்சி!"

ஒரு மூடி சரிந்தது. அதை எடுத்து வைத்தான்.

கிபூச்சி தொண்டையைச் செருமினார். "கச்சாஞ்சா!"

பையன் சட்டென்று திரும்பினான். அவனோடு மைதானத்தில் அங்கங்கே இன்னும் ஐந்தாறு தலைகளும் திரும்பின. கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. வமைதாவே சிரித்துவிட்டாள். எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவர் கிபூச்சிதான், பல்லில்லாத இடம் முழுவதும் தெரிய.

"பாத்தீங்களா சம்பந்தி? உங்களுக்குப் பெரிய மனசு. ஆனா இவன் அஞ்சு வருஷமா நீங்களாவே ஓடிட்டிருக்கான். இப்பப் போய் நிறுத்தி, இனிமே நீ நான்டான்னு சொன்னா, அவனுக்கும் கொழப்பம், எனக்கும் கொழப்பம். விடுங்க, நல்லாருக்கட்டும்."

"அப்ப உங்க கட்சி என்னய்யா?" என்றார் தலைவர். "வாபஸா?"

"எதுக்கு வாபஸ்? பள்ளிக்கூடத்துக்குப் புள்ள வேணும். அதுல மாத்தமில்ல. ஆனா பொம்பளையக் கேளுங்கன்னு இவ சொன்னா பாருங்க, என் வீட்டுல நான் இன்னும் கேக்கவே இல்ல. கேட்டுட்டு வந்து பேசறேன்."

கூட்டம் கலைந்தது. முடிவு எதுவும் எடுக்கவில்லை. அந்த ஊர்க் கூட்டத்தில் என்றைக்கு எடுத்தார்கள்?

ஓடைப் பக்கம் இறங்கும்போது கிபூச்சி கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டார். மனைவியின் பெயர்கொண்டவள் என்பதால் அவருக்கு அவள் பொண்டாட்டிதான். "மெதுவாடி, காதப் பிச்சிடாத" என்று அதனிடம் சொல்லிவிட்டு, மகளைப் பார்க்காமலே கேட்டார்.

"வெள்ளிக்கிழமையா?"

"ஆமாப்பா."

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"நீங்க வேண்டாம்னா நான் கேட்டுடுவேன். அதான் பயம்."

"அன்னிக்கு ரத்தம் ஏத்தினப்ப நான் வெளிய பெஞ்சுல உக்காந்திருந்தேன். ஒரு கிபூச்சியும் வேண்டாம், இவ எழுந்திரிச்சா போதும்னுதான் வேண்டிக்கிட்டேன். நீ எழுந்திரிச்சதும் மறந்துட்டேன் பாரு. ஆச வந்துடுச்சு." குழந்தையை மறுதோளுக்கு மாற்றினார். "போய்ட்டு வா. வேண்டாங்கல. ஆனா வருத்தமே இல்லன்னு பொய்யும் சொல்ல மாட்டேன்."

"எனக்கும் வருத்தமாத்தான்ப்பா இருக்கு."

"அப்ப சரி. ரெண்டு பேருமா வருத்தப்படுவோம். வீட்டுல பால் இருக்கா? டீ போடு."

வெள்ளிக்கிழமை, முவானிக்கி பெரிய பிள்ளைகள் இரண்டையும் பார்த்துக்கொள்ள, கிபூச்சி கோட்டு மாட்டிக்கொண்டு கைக்குழந்தையோடு தானும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டார்.

நர்ஸ் காகிதத்தைப் புரட்டினாள். அவளும் அந்த மேட்டுக்காரிதான். "பையன் ஒருத்தன்தானா?" என்று கேட்டுவிட்டு, கிபூச்சியைச் சங்கடத்தோடு பார்த்தாள். "உங்க பேரு... இன்னும் வைக்கலியா ஐயா?"

"இல்லம்மா. நான் ஒரு தடவ பொறந்ததே இந்த ஊருக்குத் தாங்கல. நீ அவளக் கேளு."

நர்ஸ் அவளைக் கேட்டாள். நியாவிரா "போதும்" என்றாள். அந்த வார்த்தை நினைத்ததைவிட லேசாக இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தாள்.

உள்ளே போகிற கதவருகே திரும்பிப் பார்த்தாள். அப்பா பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் இரட்டைப் பிள்ளைகளோடு இருந்த ஒரு பெண்ணிடம் பேச ஆரம்பித்திருந்தார்.

"ரெண்டும் உன்னுதாம்மா? எத்தன வயசு? அஞ்சா! எந்தப் பள்ளிக்கூடம்?"