நான்கு சென்டிமீட்டர்

பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்ததும் உள்ளே அப்பா நகர்ந்தார். சின்னவன் இருந்த பக்கமாக நகர்ந்தார். பலகையில் மெத்தென்று ஏதோ இடித்தது நான்கு பேருக்கும் கேட்டது. யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"இறக்கு, இறக்கு, மெதுவா," என்றார் பின்னால் பிடித்திருந்த வெல்டர். அப்பாவோடு முப்பது வருஷம் வேலை பார்த்தவர்.

பெட்டி மறுபடியும் பெஞ்சுக்கு வந்தது. சந்துக்குள் அமரர் ஊர்தி வராது. பதினொரு மணிக்குத் தெருமுனையில் வந்து நிற்கும். அந்த முனை வரை தோளில்தான் கொண்டுபோக வேண்டும். பின்னால் வெல்டரும் அவர் தம்பியும், முன்னால் பிள்ளைகள் இரண்டு பேரும் என்று நேற்றே பேசி வைத்திருந்தார்கள். பிள்ளைகள் இரட்டையர்கள். பத்து நிமிஷ வித்தியாசத்தில் ஒருவன் பெரியவன், ஒருவன் சின்னவன். முகத்தை மட்டும் காட்டினால் யார் எவன் என்று அத்தைக்கே குழம்பும். ஆனால் பெரியவனின் தோள் நான்கு சென்டிமீட்டர் மேலே இருந்தது.

"சின்னவனே, தப்பா எடுத்துக்காதப்பா," என்றாள் அத்தை. "உன் இடத்துக்கு உங்க மாமா வரட்டும். நீ கூடவே நடந்து வா, போதும். கால் வேற வலிக்கும்."

இருநூறு மீட்டரை இருபத்துமூன்று நொடியில் ஓடுகிறவனுக்குத் தெருமுனை வரை நடக்கக் கால் வலிக்குமாம். காலையிலிருந்து சின்னவனால் ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை. வாசலுக்கும் சமையலறைக்குமாக நடந்து நடந்து, முழங்காலுக்குக் கீழே மிச்சமிருந்த சதை சுருங்கி, செயற்கைக் கால்கள் லொடலொடத்தன. இரண்டு தடவை குளியலறைக்குப் போய், கால் இறுக்கமாக நிற்கத் துணி உறைமேல் உறை மாட்டிக்கொண்டு வந்திருந்தான்.

"நான்தான் தூக்குவேன்," என்றான்.

"கோணுதேப்பா."

"கோணாம பண்றேன்." பெரியவனைப் பார்த்தான். "பட்டறைக்கு வாடா."

வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்ட ஓர் அறை, உள்ளே ஒரு லேத் மிஷின். அதுதான் அப்பாவின் பட்டறை. நேற்று மாலை மிஷினை நிறுத்திவிட்டுக் கை கழுவப் போனவர் குழாயடியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். பட்டறையின் வாசல் குட்டை. பிள்ளைகள் இருவரும் வளர்ந்த பிறகு மாற்றி மாற்றி நெற்றியை இடித்துக்கொண்டதால், பழைய சைக்கிள் டியூபை மடித்து நிலையின் மேல்கட்டையில் ஆணி அடித்து வைத்திருந்தார் அப்பா. பெரியவன் குனிந்து உள்ளே வந்தான். சின்னவன் நிமிர்ந்தபடியே நுழைந்தான். இரண்டு வருஷமாக அவன் அங்கே குனிவதில்லை.

நான்கு வயதில் இருவருக்கும் ஒரே வாரத்தில் ஒரே காய்ச்சல் வந்தது. பெரியவன் எழுந்து ஓடினான். சின்னவனுக்கு இரண்டு கால்களையும் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. ஆஸ்பத்திரியில் மாட்டிய கால்கள் ஒரே வருஷத்தில் குட்டையாகிவிட்டன, பெரியவன் வளர்ந்துகொண்டே இருந்தானே. அப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் பெரியவனைச் சுவரோரம் நிற்க வைத்து அளப்பார், கோடு கிழிப்பார், சின்னவன் காலுக்கு நீளமான குழாய் கடைந்து மாட்டுவார். காலையில் எழுந்தால் சின்னவன் வளர்ந்திருப்பான். பின்னால் அவன் ஓட ஆரம்பித்தபோது, ஓட்டத்துக்கான வளைந்த பிளேடுகளுக்கும் உயரம் வைத்தது அப்பாதான்.

அதில்தான் வந்தது வினை. இரண்டு வருஷத்துக்கு முன் பெரிய போட்டி. அந்த வருஷம்தான் புது விதி வந்திருந்தது. ஓட்டத்துக்கு முன் அதிகாரிகள் அவனை உட்கார வைத்து, கைகளை விரிக்கச் சொல்லி, உடம்பை அளந்து கணக்குப் போட்டார்கள். சொந்தக் கால் இருந்திருந்தால் இவன் நூற்றெழுபதுக்கு மேல் வளர்ந்திருக்க மாட்டான் என்றது கணக்கு. அவன் நின்றது நூற்றெழுபத்துநான்கு. நீளக் கால் இருந்தால் ஒவ்வோர் அடியும் நீளமாக விழும். ஓடக்கூடாது என்று வெளியே அனுப்பிவிட்டார்கள். வாசலில் மைக்கை நீட்டியவனிடம், "எங்கப்பா பண்ண வேலை," என்று சொன்னான் சின்னவன். பொய் இல்லை. ஆனால் அந்த ஒரு வரி டிவியில் திரும்பத் திரும்ப ஓடியது. "எனக்கும் ரெண்டு சென்டி சேத்துவிடுங்களேன்," என்று கடைத்தெருவில் அப்பாவைக் கேலி பேசினார்கள்.

வீட்டுக்கு வந்தவன் அதே வேகத்தில் பட்டறைக்குப் போய், நடக்கிற கால்களிலும் நான்கு சென்டிமீட்டரை அறுத்து எறிந்தான். "என்னை ஒரு நாளாவது அளந்திருக்கீங்களா? அவனைத்தானே அளந்தீங்க. நான் அவன் இல்ல," என்று கத்தினான். அப்பா சுவரைப் பார்த்தார். பிறகு கீழே கிடந்த இரண்டு குழாய் வளையங்களையும் பொறுக்கி மேசைமேல் வைத்தார்.

அடுத்த வருஷம் அதே போட்டியில் நூற்றெழுபதில் ஓடி மூன்றாவதாக வந்தான். அது அவனுடைய சொந்த உயரம், அதில் அவனுக்குத் தனிப் பெருமை. பதக்கத்தை அம்மாவிடம் காட்டினான். அப்பாவிடம் காட்டவில்லை.

இப்போது அந்த மனிதர் கோணலாகப் போகப் பார்க்கிறார். ஒரு நூல் அளவு கோணினாலும் அடுத்தவன் வேலையைத் திருப்பி அனுப்பியவர்.

"குழாயை எவ்வளவு நீளம்டா வெட்டணும்?" என்றான் பெரியவன். அவன் பள்ளிக்கூட வாத்தியார். மிஷின் பக்கமே வந்ததில்லை.

"உன் அளவுதான் சுவத்துல இருக்கே."

சின்னவன் சுவரருகே போனான். இந்தச் சுவரை அவன் கிட்டத்தில் பார்த்ததே கிடையாது. பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். இடுப்புக்குச் சற்று மேலே தொடங்கி மேலே மேலே போகிற ஒரே வரிசைக் கோடுகள். எல்லாம் பெரியவனின் கோடுகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் பென்சிலில் இரண்டு எண்கள். கடைசிக் கோட்டில் 174. அதற்குப் பக்கத்தில் 138.

"இந்த ரெண்டாவது நம்பர் என்ன?"

பெரியவன் டியூப் அடித்த கட்டையைத் தடவிக்கொண்டு நின்றான்.

"அது நீ," என்றான்.

"என்ன?"

"நீதான்டா. தலையிலேருந்து கால் முடியற இடம் வரைக்கும். அது தெரியாம எப்படிக் குழாய் வெட்டுவாரு? என் உயரத்துல உன்னைக் கழிச்சா மிச்சம்தான் கால்."

"என்னை எப்ப அளந்தாரு?"

"நீ தூங்கறப்ப. காலைக் கழட்டிட்டு இருக்கும்போது யாராவது பாத்தாலே ஊரைக் கூட்டுவியே. பொறந்தநாளுக்கு முன்னால என்னைத் தட்டி எழுப்புவாரு. தலைமாட்டுல டேப்பை நான் பிடிச்சுக்குவேன். கால்மாட்டுல அவரு. பதினஞ்சு வருஷம்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல."

"சொல்லாதேன்னாரு. தெரிஞ்சா அப்புறம் பிள்ளை தூங்கவே மாட்டான்னாரு."

சின்னவன் குனிந்து முதல் கோட்டைப் பார்த்தான். ஐந்து வயதில் பெரியவன் நூற்றெட்டு. அவன் எண்பத்தாறு. அடுத்த வருஷம் தொண்ணூற்றொன்று. எண்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு மேலே வந்தான். அன்றைக்கு அப்பா தன்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தது கோபத்தில் என்று நினைத்திருந்தான். மைக்கில் சொன்ன வரியைத் திருப்பி விழுங்க முடிந்தால் இப்போதே விழுங்கிவிடுவான்.

"மணி பத்தேகால்டா," என்றான் பெரியவன்.

அலமாரியிலிருந்து அலுமினியக் குழாயை உருவி மிஷினில் பூட்டினான் சின்னவன். சின்ன வயசில் ஓட முடியாத காலத்தில் அப்பாவின் பக்கத்திலேயே உட்கார்ந்து கற்ற வேலை. சுவிட்சைப் போட்டதும் தகரக் கூரை அதிர்ந்தது.

வாசலில் பேச்சு நின்றுபோனது. அத்தையின் குரல் மட்டும் கேட்டது: "சாவு வீட்டுல என்ன அண்ணி இது? அண்ணன் பெட்டியில கெடக்காரு, இவனுங்க மிஷினை ஓட்டறானுங்க."

"ஓடட்டும்," என்றாள் அம்மா. "காலையில அது ஓடாததுதான் எனக்கு என்னவோ மாதிரி இருந்துச்சு."

இரண்டு குழாய்களையும் வெட்டி, முனைகளைச் சமமாக்கி, பிசிறு தேய்த்தான். ஒன்றை மறுபடி கடைய வேண்டியிருந்தது. அப்பாவின் முக்காலியில் உட்கார்ந்து கால்களைக் கழற்றினான். பெரியவன் எதிரே நின்றுகொண்டிருந்தான். வெளியே போ என்று சின்னவன் சொல்லவில்லை. திருகுகளை இறுக்கி மாட்டிக்கொண்டு எழுந்தபோது முதல் இரண்டு அடி தள்ளாடியது. பெரியவன் கை நீட்டவில்லை, பக்கத்தில் வந்து நின்றான். தோளோடு தோள் உரசியது. வெளியே போகும்போது பெரியவன் அவன் பிடரியில் கை வைத்து அழுத்தினான். இருவரும் குனிந்து போனார்கள்.

"இப்பத் தூக்கலாம்," என்றான் சின்னவன்.

வெல்டர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். பின்னால் போய்ப் பிடித்துக்கொண்டார். தூக்கினார்கள். நான்கு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காது கொடுத்தார்கள். உள்ளே சத்தமே இல்லை. சந்து முழுக்க, திருப்பத்திலும், சாக்கடைப் பலகையில் ஏறி இறங்கியபோதும் அப்பா நகரவில்லை.

மாலையில் எல்லோரும் கிளம்பிப் போன பிறகு சின்னவன் பட்டறைக்கு நடந்தான். பழைய குழாய்களையே மாட்டிக்கொள்ள வேண்டும். அதுதான் அவன் உயரம். அதில் அவனுக்குச் சந்தேகம் இல்லை. இரண்டு வருஷப் பழக்கத்தில் நிமிர்ந்தபடியே நுழைந்தான். நெற்றி நேராகப் போய் மேல்கட்டையில் இடித்தது.

வலிக்கவில்லை. டியூப் இருந்தது.

"என்னடா சத்தம்?" சமையலறையிலிருந்து அம்மா கேட்டாள்.

"ஒண்ணுமில்லம்மா. இடிச்சுக்கிட்டேன்."

"குனிஞ்சு போகக் கூடாதா," என்றாள், முன்பெல்லாம் சொல்வதுபோலவே.

சின்னவன் குனியவில்லை. பின்னால் நகரவும் இல்லை. அந்த ரப்பரில் நெற்றியை வைத்தபடி, நின்ற இடத்திலேயே நின்றான்.