கட்டைக்குத் தெரியுமா

வாடிக்கையாளர் இறந்துவிட்டால், அவர் கால் அளவுக்குச் செதுக்கிய மரக்கட்டையைக் காவிரியில் விட்டுவிடுவது மயிலாடுதுறையில் ஷூ தைக்கும் மன்சூரின் வழக்கம். போன மாதம் இறந்த பஞ்சநதத்தின் கட்டையை மட்டும் விடவில்லை. கல்யாண மாப்பிள்ளை ஒருவனுக்கும் அதே அளவு, முகூர்த்தமோ நெருங்கிவிட்டது. யார் கால் என்று கட்டைக்குத் தெரியவா போகிறது? பஞ்சநதத்துக்கு இடது சுண்டுவிரல் புடைத்திருக்கும். அதற்காகக் கட்டையில் ஒட்டியிருந்த தோல்துண்டைப் பிய்த்தெறிந்துவிட்டு, அந்தக் கட்டையிலேயே கறுப்புத் தோலை இழுத்துத் தைத்து முடித்தார்.

மாப்பிள்ளை போட்டுப் பார்த்து முகம் சுளித்தான்.

“இடது சுண்டுவிரல் பக்கம் இறுக்குதுங்க பாய். உள்ள இன்னொரு விரல் இருக்கற மாதிரி இருக்கு.”

“புதுத் தோல் தம்பி, அப்படித்தான் இருக்கும்.”

சொல்லிக்கொண்டே ஷூவை வாங்கி உள்ளே கைவிட்டார் மன்சூர்.

வெதுவெதுப்பாக ஏதோ ஒன்று, மரியாதையாக ஒதுங்கி, அவர் கைக்கு இடம் விட்டது.