காது கிழிந்த கிடா

தை மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில் வந்த அந்த இன்லண்ட் கடிதத்தை நான் நாலு தடவை படித்தேன். நாலு தடவையும் அதில் அதேதான் இருந்தது.

"தேவிகுளம் வனவிலங்கு சங்கத்துச் செயலாளர் சாமிக்கு, கொழிஞ்சாம்பாறை கமலாத்தாள் எழுதிக்கொள்வது. தங்கள் புண்ணியத்தில் மகள் மயிலாத்தாளுக்குப் பெண் குழந்தை பிறந்து நாலு மாசம் ஆகிறது. கருப்பராயனுக்குப் பொங்கல் வைத்துக் கடனைத் தீர்க்க வேண்டும். வருகிற வெள்ளிக்கிழமை லாரியோடு வருகிறோம். எங்கள் கிடாயைப் பிடித்துக் கட்டி வைக்கவும். ஞாயிற்றுக்கிழமை வெட்டு. தாங்களும் குடும்பத்தோடு வந்து சாப்பிட்டுப் போகவும்."

கடிதத்தை மேஜை டிராயருக்குள் தள்ளிப் பூட்டினேன். கல்பாத்தி அக்ரஹாரத்துக்காரனைக் கிடா விருந்துக்குக் கூப்பிடுகிறார்களே என்பதற்காக அல்ல. அவர்கள் கேட்பது வீட்டு ஆடு இல்லை, வரையாடு. மலை உச்சியில் பாறைக்குப் பாறை தாவுகிற காட்டு ஆடு. அதன் மேல் கை வைத்தால் ஜெயில். அதைக் காப்பாற்றத்தான் எங்கள் சங்கமே இருக்கிறது. இது ஒன்று. இன்னொன்று, அந்தக் கிடா செத்து ஆறு மாதம் ஆகிவிட்டது. செத்த பிறகும் அது சௌக்கியமாக மேய்வதாக மூன்று கடிதம் எழுதியவன் இந்த வெங்கிடாசலம்தான்.

இந்த வினையை நானேதான் தேடிக்கொண்டேன். எங்கள் சங்கம் எஸ்டேட் துரைமார் கொடுத்த சந்தாவில் ஓடிக்கொண்டிருந்தது. அவர்கள் ஒவ்வொருவராகக் கப்பலேறினார்கள், சந்தாவும் கூடவே ஏறியது. சூரியநெல்லிக்கு மேலே இருக்கிற மலையில் நூற்றுச் சொச்சம் வரையாடுகள். அவற்றைப் பார்த்துக்கொள்ள இரண்டு காவல்காரர்கள். அவர்களுக்குச் சம்பளம் நின்றால் மறு மாதமே முகடு முழுக்கக் கம்பிக் கண்ணி முளைத்துவிடும். புது ஆதரவாளர்களைத் தேடி நான் பாலக்காட்டுக் கிழக்குப் பக்கம் அலைந்தேன். கடலைக்காட்டைப் பன்றி கிளறுகிற ஊரில் போய்க் காட்டு விலங்கைக் காப்பாற்றுங்கள் என்றால் யார் காது கொடுப்பார்கள்? "எங்குளுக்குக் காப்பு யாருங்க?" என்று திருப்பிக் கேட்டார்கள்.

அப்போதுதான் கொழிஞ்சாம்பாறைக் கடைத்தெருவில் ஒரு கிடாவைப் பார்த்தேன். கழுத்தில் மஞ்சள் துணி. நேராக ஒரு கடைக்குள் போய்ப் புண்ணாக்கு மூட்டையில் வாயை வைத்தது. கடைக்காரர் கும்பிட்டுவிட்டு, "போ சாமி, போதும்" என்றார். கருப்பராயனுக்கு நேர்ந்து விட்டது, யாரும் தொடமாட்டார்கள் என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். எனக்கு மண்டைக்குள் விளக்கு எரிந்தது. யாருமே தொடாத ஆடு! இவர்களுக்கு வரையாட்டையும் இப்படியே கொடுத்தால் என்ன?

தொடாமல் வளர்க்கிற ஆட்டைக் கடைசியில் என்ன செய்வார்கள் என்று கேட்கவேண்டும் என எனக்குத் தோன்றவில்லை. கல்பாத்தியில் பிறந்தவனுக்குத் தேர் தெரியும், கிடா வெட்டு எங்கே தெரியும்? ஆழம் தெரியாமல் காலை விட்டேன். சந்தா கட்டி, மலையில் ஒரு ஆட்டை உங்கள் சாமி பேரில் நேர்ந்து விடுங்கள், அதை எங்கள் காவல்காரர் பார்த்துக்கொள்வார், இரண்டு மாதத்துக்கு ஒரு முறை அதன் க்ஷேமத்தை எழுதுகிறேன் என்று கூட்டம் போட்டுச் சொன்னேன்.

முதலில் எழுந்தது கமலாத்தாள். ஐம்பது வயதிருக்கும். காளிச்சாமி என்கிற பெரிய விவசாயியின் சம்சாரம். அவர் தலையசைத்தால் சுற்றுவட்டாரம் தலையசைக்கும். மகள் மயிலாத்தாளுக்கு இரண்டு பிரசவம் தவறியிருந்தது. மூன்றாவதாவது நிலைக்க வேண்டும் என்று நேர்ந்துகொண்டார். வலது காது கிழிந்த இளங்கிடா ஒன்றின் போட்டோவைக் கொடுத்தேன். அதன் மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்தார். காற்றில் போட்டோ படபடவென்று ஆடியது. உடனே பெண்கள் குலவை போட்டார்கள். வனவிலங்குகளின் மேல் இவர்களுக்கு எத்தனை பிரியம் என்று நான் ஆண்டறிக்கையில் எழுதினேன்! தண்ணீர் தெளித்து ஆடு உடம்பை உலுக்கினால் சாமி சம்மதித்துவிட்டது என்று அர்த்தமாம். இது வெகு நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

கமலாத்தாளுக்குப் பின்னால் ஐம்பத்தொரு குடும்பங்கள் வந்தன. காவல்காரர்களுக்குச் சம்பளம் தவறவில்லை.

ஆனி மாதக் கடைசியில் காவல்காரர் பெரியமுத்து மலையிலிருந்து இறங்கி வந்து ஆபீஸ் வாசலில் நின்றார். சூரியநெல்லி எஸ்டேட் லயத்து வீட்டில் இருப்பவர், ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். "சாமி, காதறுந்தவன் போயிட்டான். புலி அடிச்சிருக்கு. தலை மட்டுந்தான் கெடக்கு" என்றார்.

நான் விரல் விட்டு எண்ணினேன். மயிலாத்தாளுக்கு ஏழாம் மாதம். பேனாவை எடுத்தேன், வைத்தேன். நேர்ந்து விட்ட ஆடு செத்தது என்று ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்கு எப்படி எழுதுவது? அந்தப் பெண் பயந்து ஏதாவது ஆகிவிட்டால்? ஆகவே ஆடியில், "சாரல் மழையில் நனைந்த பசும்புல்லைத் தங்கள் கிடா ஒய்யாரமாக மேய்ந்துகொண்டிருக்கிறது" என்று எழுதினேன். புரட்டாசியில் இன்னும் ஒய்யாரமாக எழுதினேன். குழந்தை பிறந்த பிறகாவது சொல்லியிருக்கலாம். அதற்குள் எனக்கு வேறு பயம் வந்துவிட்டது. முதல் பொய்யை ஒப்புக்கொண்டால் ஐம்பத்திரண்டு குடும்பமும் போய்விடுமே! கார்த்திகையிலும் அந்தக் கிடா மேய்ந்தது.

அந்தத் திங்கட்கிழமை முழுக்க வீட்டில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"என்னத்துக்காக்கும் இப்படி உள்ளுக்கும் வெளிக்குமா நடந்துண்டிருக்கேள்?" என்றாள் என் மனைவி ஞானம். சொன்னேன். "நெஜத்தைச் சொல்லிட வேண்டியதுதானே?"

"சொன்னா எல்லாரும் போயிடுவாடி."

"பொய் சொன்னாப் போகமாட்டாளோ?"

இவளுக்கு எல்லாம் சுலபம். நான் வேறு வழி யோசித்தேன். பிடிக்கச் சட்டம் இடம் கொடாது என்று சொல்லித் தூரத்தில் வேறொரு ஆட்டைக் காட்டி அனுப்பிவிடலாம். எல்லா ஆடும் பாறை நிறம்தானே? பெரியமுத்துவிடம் சொன்னபோது அவர் தலையைச் சொறிந்தார்.

"அந்தம்மா ஆடு வளக்குறவுக சாமி."

"காட்டச் சொன்னாக் காட்டும், வியாக்கியானம் வேண்டாம்" என்று அவர் மேல் எரிந்து விழுந்தேன். பயம் வந்தால் எனக்குக் கோபம்தான் முதலில் வரும்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு லாரி சூரியநெல்லிக்கு வந்து நின்றது. அதில் வைக்கோல் பரப்பியிருந்தார்கள். புதுக் கயிறு, மஞ்சள், செவ்வந்தி மாலை எல்லாம் இருந்தன. கூட வந்த ஆட்களை லாரியிலேயே விட்டுவிட்டு, மாலையும் தேங்காயும் உள்ள பையோடு கமலாத்தாளும் காளிச்சாமியும் எங்களோடு மலை ஏறினார்கள். அந்த அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். அவருக்கு மூச்சு வாங்கவில்லை. எனக்குத்தான் வாங்கியது.

பாதி வழியில் சட்டப் பேச்சை எடுத்தேன். பிடிக்கக் கூடாது, வெட்டக் கூடாது, போலீஸ் வரும் என்று அடுக்கினேன்.

காளிச்சாமி நின்றுவிட்டார். "ஏனுங்க சாமி, நேர்ந்து விடுங்கன்னு எங்க ஊருக்கு வந்து சொன்னது நீங்கதானுங்களே? அன்னிக்குச் சட்டம் எங்கீங்க போயிருந்துது?"

"மொதல்ல பாக்கலாமுங்க" என்றார் கமலாத்தாள்.

முகட்டில் காற்று வேட்டியைப் பிடுங்கியது. எதிர்ப் பாறையில் ஏழெட்டு ஆடுகள் நின்றன. பெரியமுத்து என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, அரை மனதோடு ஒரு கிடாவின் பக்கம் கையை நீட்டினார். நான் பைனாகுலரைக் கொடுத்தேன். கமலாத்தாள் வெகு நேரம் பார்த்தார். அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்த அத்தனை சாமியையும் கூப்பிட்டேன்.

"இது எங்குளுதில்லைங்க" என்றார். "காது முழுசா இருக்குது. பல்லுச் சேராத குட்டியாட்ட நிக்குது. எங்குளுது எங்கீங்க?"

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "போயிடுத்தும்மா" என்றேன். "புலி அடிச்சுடுத்து. ஆறு மாசமாச்சு. பொண்ணு மாசமா இருக்காளேன்னுதான் எழுதலை. என்னை மன்னிச்சுடுங்கோ."

காளிச்சாமி தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே பாறையில் உட்கார்ந்தார். கமலாத்தாள் உட்காரவில்லை.

"என்னிக்குங்க?"

நான் வாயைத் திறந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அப்போதும் ஏதாவது ஒரு நல்ல நாளாகப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்றுதான் திறந்தேன். அவர் கையை உயர்த்தினார்.

"நீங்க சொல்ல வேண்டாமுங்க. அவரு சொல்லட்டும்."

பெரியமுத்து சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்தார். வியர்வையில் ஊறிய சின்ன நோட்டு. எச்சில் தொட்டுப் பக்கம் பக்கமாகத் திருப்பினார். அவர் படித்தார்: "ஆனி இருவத்தொண்ணு. செவ்வா. காதறுந்தது. புலி. மழை."

கமலாத்தாள் முகத்தைப் புடவையால் மூடிக்கொண்டார். நான் எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். அவர் தோள் குலுங்கியது. காளிச்சாமி எழுந்து வந்து அவர் பக்கத்தில் நின்றார்.

"அந்தச் செவ்வாக்கெழமைதானுங்க," என்றார் கமலாத்தாள் ஒருவழியாக, "என்ற மகளுக்கு உதிரம் போச்சு. ஆஸ்பத்திரியில கையை விரிச்சுட்டாங்க. விடிஞ்சப்ப தானா நின்னுது." மலையைப் பார்த்துக் கும்பிட்டார். "கருப்பராயனே வந்து எடுத்துட்டாருங்க."

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. தப்பித்தோம்! சங்கம் தப்பித்தது, ஐம்பத்திரண்டு குடும்பமும் தப்பித்தது. "பகவான் சித்தம் பாத்தேளா" என்று ஆரம்பித்தேன்.

"நீங்க பேசாதீங்க சாமி" என்றார் கமலாத்தாள். குரலை உயர்த்தவில்லை. மடியிலிருந்து என் மூன்று கடிதங்களையும் எடுத்தார். மஞ்சள் பூசி, நாலாக மடித்து வைத்திருந்தார். "செத்துப்போச்சுன்னு அன்னிக்கே எழுதியிருந்தா அழுதிருப்பமுங்க. அப்புறம் நாளைப் பாத்திருப்போம். அவரு எடுத்துக்கிட்டாருன்னு தெரிஞ்சு அடுத்த வெள்ளியே பொங்கல் வெச்சிருப்போம். நீங்க மேயுது மேயுதுன்னு எழுதுனீங்க. கடன் தீரலைன்னு என்ற மக பயந்துக்கிட்டே பெத்தா. கடன் தீரலைன்னு பயந்துக்கிட்டே பால் குடுக்கறா. நாலு மாசமாச்சுங்க, கொழந்தைக்கு இன்னும் பேரு வெக்கலை."

அந்தப் பெண் பயப்படக் கூடாது என்றுதான் எழுதினேன். பயந்தவன் நான். என் பயத்தை இன்லண்டில் மடித்து ஒட்டி அவளுக்குத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். என்னால் அந்த அம்மாளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

மாலையைப் பாறையில் வைத்தார்கள். தேங்காய் உடைத்தார்கள். இறங்கும்போது காளிச்சாமி மற்றக் குடும்பங்களைப் பற்றிக் கேட்டார். அவர்களுக்கும் ஆளுக்கொரு ஆடு இருக்கிறதே!

"மலையில விட்டதை மலையிலதான் அவரு எடுப்பாரு. நாம கையை வெக்கக் கூடாது. நான் ஊர்ல சொல்லிக்கறேன்" என்றார் கமலாத்தாள். லாரியில் ஏறும் முன் என் பக்கம் திரும்பினார். "எங்குளுக்கு வேற ஒண்ணு விடுங்க. ஆனா இனிமே நீங்க எழுத வேண்டாம். அவரு எழுதட்டும்." பெரியமுத்துவைக் காட்டினார்.

மூன்றாம் வகுப்பு தாண்டாத மனிதர். நான் சங்கத்தின் கௌரவத்தை எண்ணிக் கவலைப்பட்டேன். இல்லை, இங்கேயும் பொய் சொல்லக் கூடாது, பட்ட பாடு போதும். என் எழுத்தை வேண்டாம் என்றார்களே என்பதுதான் சுருக்கென்றது.

பங்குனியில் பெரியமுத்துவின் முதல் கடிதம் போயிற்று. நான் ஒரு எழுத்தைக்கூடத் திருத்தவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு விலாசம் மட்டும் எழுதினேன். "காளிச்சாமி ஊட்டுக்கு. புது குட்டி. பெட்டை. ஒரு கண்ணு சரியில்லை. நரி ரெண்டு சுத்துது. இன்னைக்கு இருக்கு. பெரியமுத்து." ஒரு கண் சரியில்லை என்று ஆதரவாளருக்கு யாராவது எழுதுவார்களா? பத்து நாள் தூக்கமில்லை. தபால்காரரைக் கண்டாலே உள் அறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன்.

பதினோராம் நாள் பதில் வந்தது. மேலே பெரியமுத்து பேர் இருந்தது. அவர் ஆபீஸ் வாசலில் நின்று எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தார். மயிலாத்தாள் எழுதியிருந்தாள்.

"பாப்பாவுக்குக் கருப்பாத்தாள் என்று பேர் வைத்தாயிற்று. மூன்று நாளாகச் சளி. இன்றைக்கு இருக்கிறாள். குட்டியின் கண்ணுக்கு ஏதாவது பச்சிலை உண்டா, கேட்டு எழுதவும்."

சங்கத்துக் கோப்பில் சேர்க்க வேண்டும் என்று நான் கையை நீட்டினேன். பெரியமுத்து அதை நாலாக மடித்து, நோட்டுக்குள் வைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"இது எனக்கு வந்தது சாமி" என்றார்.