கம்பியின் அடிப்பக்கம்

“பாரேன், ஒட்டின இடமே தெரியல!” என்று அவர் வியந்தபோது பெரியவள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அறை வாசலில் நின்றிருந்தாள். அவர் சொன்னது மனைவியான அவளிடமல்ல, அவள் தங்கையிடம். பெரியவளுக்குச் சளி. தும்மினால் கம்பி ஆடிவிடும் என்று தன் முக்காலியில் சின்னவளைப் பிடித்து உட்கார வைத்ததும் அவளேதான். தன் வாயைத் தானே கிள்ளிக்கொள்ளலாம் போலிருந்தது.

அந்த அறையில் கட்டில் போட இடம் உண்டு, கட்டில்தான் இல்லை. சுவருக்குச் சுவர் பலகை அடித்து, அதன்மேல் ஒரு குட்டி ரயில் பாதை போட்டிருந்தார் அவர். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற மனிதர். எதிலும் நுணுக்கம் பார்ப்பார். மின்சார ரயில் என்றால் மேலே கம்பி இருந்தே தீர வேண்டும் என்பது அவர் பிடிவாதம். மேலே ஒரு கம்பி, கீழே ஒரு கம்பி, இரண்டையும் இணைக்க நடுநடுவே நகத்தளவு குட்டிக் கம்பிகள். எல்லாம் நூல் மாதிரி மெல்லிய பித்தளை. இதை ஒட்ட மனிதனுக்கு இரண்டு கை போதாது. அவர் இரண்டு இடுக்கியால் இழுத்துப் பிடிப்பார். பெரியவள் சால்டரிங் அயர்னால் ஒரு சொட்டு ஈயம் வைப்பாள். பேச்சே இருக்காது. ஒட்டிக்கொண்டதும் அவர் “ம்” என்பார். அந்த ஒரு “ம்”முக்காகப் பார்சல் ஆபீசிலிருந்து செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் ஓடி வருவாள் அவள். கல்யாணமானதிலிருந்து இருவரும் சேர்ந்து செய்கிற ஒரே காரியம் அதுதான். மற்ற நேரத்தில் அவருக்குப் பேப்பர், அவளுக்குச் செல்போன்.

சின்னவளுக்குப் பல்செட் செய்கிற லேபில் வேலை. லேப் பக்கத்தில் என்பதால் அக்கா வீட்டில் தங்கியிருந்தாள். ஒரு குட்டிக் கம்பியை ஒட்டினால் அந்தச் சூட்டில் பக்கத்துக் கம்பி கழன்று விழும். பெரியவளும் அவரும் வருஷக்கணக்காக அதோடு மல்லுக்கட்டியிருந்தார்கள். சின்னவள் வந்தாள், பக்கத்து ஒட்டின்மேல் ஈரப்பஞ்சைக் கிள்ளி வைத்தாள், ஒட்டினாள். அசையவில்லை. மகாராணிக்கு அதுவும் தெரிந்திருந்தது. அவர் மச்சினியைத் தலைமேல் தூக்கி வைத்துக்கொண்டு ஆடாத குறை.

சளி போய்விட்டது. முக்காலி திரும்பி வரவில்லை.

“அக்கா, நீ உக்காரு,” என்று எழுந்தாள் சின்னவள்.

“வேணாம் வேணாம், நல்லா வருதுல்ல, நீயே பண்ணு,” என்றாள் பெரியவள், அவர் மறுத்துச் சொல்வார் என்ற நம்பிக்கையில்.

“ஆமா, அந்த வளைவு முடியற வரைக்கும் இவளே பண்ணட்டும்,” என்றார் அந்த மனிதர், இடுக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பெரியவள் சமையலறைக்குப் போய், கழுவி வைத்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்தாள். அவர்கள் இருவரையும் சேர்த்து அவள் தப்பாக நினைத்தாள் என்று யாரும் எண்ண வேண்டாம். அப்படி ஏதாவது இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். அவளிடமிருந்து போனது ஒரு முக்காலி. அதற்காக எந்த முகத்தை வைத்துக்கொண்டு சண்டை போடுவது?

அடுத்த வாரம் ஒரு மத்தியானம், அவர் கடையிலும் தங்கை லேபிலும் இருந்தபோது, தலைவலி என்று லீவு போட்டிருந்த பெரியவள் அந்த அறைக்குள் போனாள். சும்மா பார்க்கத்தான் போனாள். வளைவில் தங்கை ஒட்டிய கீழ்க்கம்பியின் அடியில் விரலை ஓட்டினாள். ஒரு நெருடல் இல்லை. அந்த வழவழப்புதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. எஞ்சினின் தலைமேல் ஸ்பிரிங்கில் எழும்பி நிற்கும் மடக்குச் சட்டம் உரசிக்கொண்டு போவது அந்த அடிப்பக்கத்தைத்தான். அயர்னைச் சூடாக்கினாள். ஓர் ஒட்டின் அடியில் கடுகுக்கும் சின்னதாக ஒரு சொட்டு வைத்தாள். ரயில் அங்கே லேசாகத் துள்ளும், அவர் தங்கையைப் பார்த்தும் வெறும் “ம்” என்பார். அவளுக்கு அவ்வளவு போதும்.

ஞாயிற்றுக்கிழமை ரயில் விட்டார்கள். பெரியவள் ஒட்டிய நீண்ட நேர்ப்பாதையில் அது ஒரு தடங்கலும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. ஈரப்பஞ்சும் இல்லை, ஒன்றும் இல்லை, எப்படிப் போகிறது பார் என்று அவளுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. வளைவில் திரும்பியதும் டிக்கென்று ஒரு சத்தம். சட்டம் அந்தச் சொட்டில் மாட்டிக்கொண்டது. ரயில் நிற்காமல் கம்பியை இழுத்துக்கொண்டே ஓட, அதைத் தாங்கிய கம்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிடுங்கிக்கொண்டு சாய்ந்தன.

அவர் பாய்ந்து சுவிட்சை அணைத்தார். இவ்வளவு பெரியவள் கேட்கவில்லை.

சின்னவளுக்குக் கண் கலங்கிவிட்டது. “என் தப்புதான் மாமா. அடியில தடவிப் பார்த்தேன், எப்படியோ விட்டுட்டேன்.”

அவர் அறுந்த கம்பியை எடுத்துத் திருப்பி, லென்ஸை வைத்து வெகுநேரம் பார்த்தார்.

“இது உன்னோடது இல்லம்மா,” என்றார். “சொட்டுக்கு வால் இருக்கு பாரு. அயர்னை வெடுக்குனு எடுத்தா இப்படித்தான் வரும். இது உங்க அக்கா கை.”

சட்டைப் பையிலிருந்து சின்ன அரம் ஒன்றை எடுத்து அந்தச் சொட்டை ராவத் தொடங்கினார். பெரியவள் அதை இதற்குமுன் பார்த்ததேயில்லை. பிடி வழவழவென்று தேய்ந்து போயிருந்தது.

“இவ எழுந்து உள்ள போனதும், ஒட்டினதையெல்லாம் அடியில ராவி விட்டுடுவேன். ஆரம்பத்துலேர்ந்தே அப்படித்தான். சொன்னா மனசு கஷ்டப்படுவா. வளைவு உன்னோடதாச்சேனு நான் பார்க்கல.”

குறையாக அல்ல, சாப்பாட்டுக்கு உப்புப் போடுவதைச் சொல்வதுபோலச் சொன்னார். பிறகு அரம் நின்றது. மனைவி பக்கம் நிமிர்ந்தார்.

“ஆமா, நீ எப்ப வளைவுல ஒட்டினே?”

சின்னவள் அக்காவைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, அவசரமாகக் குனிந்து சாய்ந்த கம்பங்களைப் பொறுக்கத் தொடங்கினாள். அவர் இன்னும் பதிலுக்குக் காத்திருந்தார். வளைவில் நின்றுபோன எஞ்சினின் தலைமேல், அழுத்திப் பிடிக்கக் கம்பி இல்லாமல், அந்த மடக்குச் சட்டம் முழு உயரத்துக்கும் எழும்பி மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.