தம் கட்டாமல்

பீரோவோ பியானோவோ, எதைச் சொன்னாலும் தோளில் ஏற்றி மாடி சேர்த்துவிடுகிற மனுஷன், இப்போது ஒரு தும்மலுக்கு நடுங்கினார். புற்றுநோய் வந்த புராஸ்டேட்டை அறுத்து எடுத்தாயிற்று. சிறுநீர்தான் அதன்பிறகு அவர் பேச்சைக் கேட்கவில்லை. எழுந்தால் கசியும், இருமினால் கசியும். கசிவுக்காக உள்ளே வைத்த பேட் நனைந்தால், யாருக்கும் தெரியாமல் அவரே சுருட்டி எறிவார். மனைவி எதுவும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இடுப்புக்கு அடியிலுள்ள தசையை இறுக்கிப் பழகச் சொல்லியிருந்தார்கள். இறுக்குவதுதானே, நமக்கு அத்துப்படி என்று விடாமல் செய்தார். செய்யச் செய்யக் கசிவு கூடியது. ரத்தப் பரிசோதனை சரியாக இருக்கிறது என்று டாக்டர் சொல்லியும், நோய் திரும்பிவிட்டதோ, சாகும்வரை இப்படித்தானோ என்று ராத்திரியெல்லாம் விழித்துக் கிடந்தார்.

பிசியோதெரபி அறையில் மகள் வயதுப் பெண் ஒருத்தி இருந்ததைப் பார்த்ததும் ஓடிவிடலாம் போலிருந்தது. மனைவி பின்னாலேயே வந்துவிட்டதால் அதற்கும் வழியில்லை. அந்தப் பெண் படுத்துச் செய்து காட்டச் சொன்னாள். அவர் மூச்சை இழுத்துப் பிடித்து, முகம் சிவக்க இறுக்கினார். வயிற்றில் கை வைத்துப் பார்த்தவள் உடனே நிறுத்தச் சொன்னாள்.

"ஐயா, என்ன வேலை பாக்குறீங்க?"

"லோடு ஏத்துறதும்மா."

"அதான் தம் கட்டுறீங்க. இறுக்கச் சொன்னா கீழ முக்குறீங்க."

இத்தனை நாளும் சிறுநீரை அவரே வெளியே தள்ளிக்கொண்டிருந்திருக்கிறார். மூத்திரத்தைப் பாதியில் நிறுத்துவது போல அந்தத் தசையை மேலே இழுக்க வேண்டுமாம். நாளாகும், ஆனால் குறையும் என்றாள். பேசிக்கொண்டே தம் கட்ட முடியாது. அதனால் மனதில் இருப்பதைச் சொல்லிக்கொண்டே செய்யச் சொன்னாள்.

அவர் மேலே இழுத்தார். வாய் திறந்தது.

"எனக்கு ரொம்பப் பயமா இருக்கு."

சொன்னபிறகுதான் மனைவி நாற்காலியில் இருப்பது நினைவுக்கு வந்தது. அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தனக்கும் அதே பயம்தான் என்றும், கேட்டால் அவர் கூசிப்போவாரே என்றுதான் வாயை மூடிக்கொண்டிருந்ததாகவும் சொன்னாள்.

அவர் எழுந்து உட்கார்ந்தார். பழக்கத்தில் கை பின்னால் போய்த் தடவிப் பார்த்தது.

"நனைஞ்சிருக்கு," என்று முதன்முறையாக அவளிடம் சொன்னார்.

"தெரியும். மாத்துறதுக்கு எடுத்துட்டுதான் வந்தேன்," என்று அவள் கைப்பையைத் திறந்தாள்.