கொட்டாத எள்

தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. கூட இருந்து கவனித்துவிட்டு ஒரு வாரம் கழித்துத் திரும்பியவள், வீட்டுக்குப் போய்ப் பையைக்கூட வைக்கவில்லை. பேருந்து நிலையத்திலிருந்து நேரே ஆராய்ச்சிப் பண்ணைக்கு வந்து இறங்கினாள்.

பண்ணையில் வேலை செய்கிறவர்கள் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் கோணலம்மா. பின்னே என்ன? நேராக, அழகாக, ஒரே உயரத்தில் நிற்கிற செடியை அவள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். இலை சுருண்டது, தண்டு முறுக்கியது என்று எதையாவது கண்டால் போதும், அதன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுவாள். சோறு தண்ணீர் எதுவும் ஞாபகம் வராது.

அவள் பிழைப்பே அதுதான். நல்ல எள் விதையைக் கதிர் அறைக்கு எடுத்துப்போய்க் காமாக் கதிர் பாய்ச்சுவாள். விதைக்குள்ளே எது கலைந்தது, எது மாறியது என்று அந்த நேரத்தில் யாராலும் சொல்ல முடியாது. பாதி முளைக்கவே முளைக்காது. முளைத்ததை வளர்த்து, அதன் விதையை எடுத்து மறுபடி விதைத்தால், அந்த இரண்டாம் தலைமுறையில்தான் ஒளிந்திருந்த மாற்றங்கள் தலைகாட்டும். ஆயிரக்கணக்கான செடிகளில் முக்கால்வாசி பழையபடியே இருக்கும். சிலது உருப்படாமல் போகும். தேடுகிற ஒன்று எங்கேயாவது இருந்தாலும் இருக்கும், இல்லாமலும் போகும்.

அவள் தேடியது காய் வெடிக்காத எள். எள்ளுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. காய் காய்ந்ததோ இல்லையோ, நுனியில் வாயைப் பிளந்து அத்தனை விதையையும் மண்ணில் கொட்டிவிடும். ஒரு நாள் தாமதமாக அறுத்தால் போச்சு, பாதி விளைச்சல் எறும்புக்கு. இயந்திரம் விட்டு அறுக்கலாம் என்றால் அது தொட்ட உடனேயே உதிர்ந்துவிடும். காய்ந்தபிறகும் வாயை மூடிக்கொண்டிருக்கிற ஒரே ஒரு செடி கிடைத்துவிட்டால், எள் போடுகிறவன் நிம்மதியாகத் தூங்குவான்.

மூன்று பருவம் தேடியாயிற்று. பண்ணை இயக்குநர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். "இந்தத் தடவையும் இல்லைன்னா அந்த நிலத்தை வேற பயிருக்குக் கொடுத்துடுவேன்மா. என்னைத் தப்பா நினைக்காதீங்க." அவள் தப்பாகத்தான் நினைத்தாள்.

இப்போது காய் காய்கிற சமயம். உண்டா இல்லையா என்று தெரிகிற சமயம். இந்த நேரம் பார்த்தா தங்கைக்கு வலி வர வேண்டும்! வேறு வழியில்லாமல், வயலைத் தன் வீட்டுக்காரரிடம் ஒப்படைத்துவிட்டுப் போயிருந்தாள். அவர் விதைப் பண்ணையில் மேற்பார்வையாளர், விடுப்பில் இருந்தார். "தண்ணி மட்டும் கட்டாதீங்க, ஆடு மாடு நுழையாம பார்த்துக்கங்க, அவ்வளவுதான்" என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

வேலிக் கதவருகே அவர் சிரித்த முகமாக நின்றிருந்தார். "வா, வா. குழந்தை எப்படி இருக்கு? யார் சாயல்?"

"நல்லா இருக்கு, எங்கப்பா மூக்கு" என்றபடியே அவள் வரிசைக்குள் நுழைந்தாள். நாலு எட்டு வைத்தவள் நின்றாள். வரிசையில் ஓர் ஓட்டை. அதற்கடுத்த வரிசையில் இன்னொன்று. தூரத்தில் இரண்டு.

"ஏங்க, இங்க இருந்த செடி எங்க?"

"அதுவா? உனக்குச் சொல்லலாம்னுதான் இருந்தேன்" என்றார் அவர், பெருமை தாங்காமல். "நோய் வந்துடுச்சு. இலையெல்லாம் கிண்ணம் மாதிரி குவிஞ்சுக்கிட்டு, பார்க்கவே சகிக்கலை. மத்ததுக்கும் ஒட்டிக்குமேன்னு எல்லாத்தையும் பிடுங்கிக் களத்துல போட்டுட்டேன். நீ போன மறுநாளே. இப்ப பாரு, வயல் எப்படி இருக்குன்னு!"

வயல் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. அதுதான் அவர் தொழில். விதைக்கு விடுகிற வயலில் எல்லாச் செடியும் ஒன்றுபோல இருக்க வேண்டும். ஒன்று மாறி நின்றாலும் அது கலப்பு, பிடுங்கி எறிய வேண்டியது. இருபது வருடமாக அதையே செய்த கை. இங்கே வந்தால் மட்டும் சும்மா இருக்குமா?

அவள் பையைப் பொத்தென்று போட்டாள்.

"உங்களை யாரு கை வைக்கச் சொன்னா? நான் வருஷக்கணக்கா எதைத் தேடுறேன்னு உங்களுக்குத் தெரியாதா? மாறின செடியைத்தானே தேடுறேன்! பொறுக்கிப் பொறுக்கி அதையே பிடுங்கியிருக்கீங்களே!"

"நோயின்னு நினைச்சேன்மா..." அவர் முகம் சுண்டிப்போயிற்று.

"நினைப்பீங்க! இயக்குநர் நாளைக்கே வந்து நிலத்தை அளப்பாரு. நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிக்கிறது? ஒரு வாரம் வெயில்ல கிடந்திருக்கு. எல்லாக் காயும் காய்ஞ்சு, வெடிச்சு, எல்லா எள்ளும் தரையில கொட்டிக் கலந்திருக்கும். எது எந்தச் செடியோட விதைன்னு எவன் வந்து சொல்லுவான்? எல்லாம் கொட்டி..."

பேச்சு அப்படியே நின்றது. வாய் திறந்தபடி அவரைப் பார்த்தாள். அவர் பயந்துபோனார்.

"என்னம்மா? என்ன செய்யுது?"

"எல்லாம் கொட்டியிருக்குமா?" என்றாள் அவள், மெதுவாக. பிறகு கத்தினாள். "அட, எனக்கு வேண்டியது கொட்டாதுங்க! இருந்தா கொட்டியிருக்காது!"

அவள் ஓடினாள். செருப்பு ஒன்று வரப்பிலேயே கழன்றது. பின்னாலேயே அவர், மூச்சு வாங்க, அந்தச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்.

சிமெண்ட் களத்தின் மூலையில் குவியல் கிடந்தது. அதைச் சுற்றி ஒரே கறுப்பு எள். எறும்புகளுக்குக் கொண்டாட்டம். அவள் முட்டிபோட்டு உட்கார்ந்து, மேலே இருந்த செடியை எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்தாள். மிச்சமிருந்த எள் சடசடவென்று கொட்டியது. தூக்கி எறிந்தாள். அடுத்தது. அதுவும் கொட்டியது. அதற்கடுத்தது வெறும் கூடு.

"நானும் பார்க்கட்டுமா?" என்று கேட்டார் அவர்.

"தொட்டீங்கன்னா கொலை விழும்!"

அவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

ஒரு செடி கொட்டவில்லை. காயை அழுத்தினாள். உள்ளே பால் பிடிக்காத வெள்ளைத் தோல். பிஞ்சு! பிஞ்சு எப்படி வெடிக்கும்? "சனியனே" என்று அதை வீசினாள். குவியல் குறைந்துகொண்டே வந்தது. கண்ணில் நீர் முட்டியது, துடைக்க நேரமில்லை. அடியில் இன்னும் கொஞ்சம்தான்.

அப்போது அது கையில் வந்தது. குட்டை. தண்டு தடிமன். இலைகள் காய்ந்தும் கிண்ணம்போலக் குவிந்தே இருந்தன. கீழிருந்து மேல்வரை காய்கள் சருகு நிறத்தில் முறுகக் காய்ந்திருந்தன. ஒவ்வொன்றும் வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்தது.

கவிழ்த்தாள். ஒன்றும் விழவில்லை.

உலுக்கினாள். உள்ளே கலகலவென்று சத்தம் மட்டும் கேட்டது.

"விதை இருக்கு, விதை இருக்கு!" என்று அவர் குதித்தார், கையைப் பின்னால் கட்டியபடியே.

ஒரே ஒரு காயை நசுக்கினாள். உள்ளங்கையில் எள் உதிர்ந்தது. கறுத்து, முற்றி, பளபளத்த எள். அவள் சிரித்தாளா அழுதாளா என்று அவளுக்கே தெரியவில்லை. செடியை அவர் கையில் கொடுத்தாள். "ம், நீங்களும் கவிழ்த்துப் பாருங்க." அவர் பச்சைக் குழந்தையை வாங்குவதுபோல இரு கையிலும் வாங்கி, கவிழ்த்து, உலுக்கி, தரையைப் பார்த்து, மறுபடி உலுக்கினார்.

அவள் கைபேசியை எடுத்து இயக்குநரைக் கூப்பிட்டாள். மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"சார், கவிழ்த்துப் பார்த்தேன் சார்!"

"நிதானமாச் சொல்லுங்கம்மா. எவ்வளவு விழுந்துச்சு?"

"ஒண்ணுமே விழலை சார்!"

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. "அப்படியே பிடிச்சுக்கிட்டு இருங்க" என்றார் இயக்குநர். "நான் வந்து ஒருதடவை கவிழ்த்துப் பார்க்கிறேன்."