விளைமீனும் சிவப்பு வைனும்

தக்கை வெளியே வர மறுத்தது. சந்தியோகு வலை பின்னும் ஊசியின் பின்பக்கத்தை வைத்து அழுத்தினார். அது போத்தலுக்குள்ளேயே விழுந்து மிதந்தது. கிளாஸில் கொஞ்சம் ஊற்றிப் பார்த்தார். பூசை வைனின் நிறம்தான். ஒரு மிடறு உள்ளே போனதும் முகம் கோணியது. பழுக்காத நாவலைக் கடித்தது போல நாக்கு இழுத்தது.

"சம்மந்தி, இது பழுதாப் போச்சுது."

"பழுதில்லை. ஜேர்மன்காரன் இனிப்பில்லாமல்தான் குடிப்பானாம்" என்றார் அடைக்கலநாதன்.

அவருடைய மகன் கனிசியஸ் ஜெர்மனியிலிருந்து அனுப்பிய போத்தல் அது. கொழும்பிலிருந்து உடுப்புப் பைக்குள் ஒளிந்து, கிளாலிக் கடலைக் கடந்து குருநகருக்கு வந்திருந்தது.

"காத்துப் படத் திறந்து வைக்கட்டாம். இறைச்சியோடை குடிக்கவேணுமாம். மீனோடை ஒத்துவராதாம்."

"இண்டைக்கு வெள்ளிக்கிழமை."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. சந்தியோகு வீட்டில் வெள்ளியன்று இறைச்சி மணத்ததில்லை. நாளைக்குத் தள்ளவும் வழியில்லை. விடிந்ததும் சந்தியோகுவின் மகள் யோசப்பின் அடைக்கலநாதனோடு கொழும்புக்குப் புறப்படவேண்டும். ஊரைவிட்டு வெளியேற இருவருக்கும் பாஸ் கிடைத்திருந்தது. பிறகு விமானம், கனிசியஸ், கலியாணம். குண்டுச் சத்தம் கேட்காத ஒரு நாடு. ஆனால் வாக்குக் கிளாஸ் குடிக்காமல் அந்தக் குடும்பங்களில் எந்தப் பெண்ணும் வீட்டு வாசல் படலை தாண்டியதில்லை. இரண்டு தகப்பன்மாரும் ஒரே கிளாஸில், ஆளுக்குப் பாதி. குடிக்காமல் கீழே வைத்தால் சம்மதமில்லை என்று அர்த்தம். பிறகு அந்தச் சம்பந்தத்தைப் பற்றி யாரும் வாய் திறக்க முடியாது.

"இஞ்சருங்கோ, ஒரு கோழியை அடிப்பம். சாமியிட்டைப் பாவசங்கீர்த்தனத்திலை சொல்லலாம். கடல் சரியில்லை" என்றாள் மனைவி கத்தரீனா.

"வாக்குக் குடுக்கிற நாளிலையோ பாவம் செய்யிறது? பேதுரு, கரையோடை போய் ரெண்டு விளைமீன் கொண்டு வாடா."

எதிரே மண்டைதீவு முகாமிலிருந்து ஆமி கண்ட தோணிக்கெல்லாம் சுட்டுக்கொண்டிருந்த மாதம் அது. மகன் பேதுரு தோணிக் கம்பைத் தூக்கித் தோளில் வைத்தான்.

"அங்கை போய் உருளைக்கிழங்குதானேடி தின்னப்போறாய். கடைசியா அண்ணன்ரை மீனைத் தின்னு. அப்பா, உந்தக் கசாயத்திலை எனக்கும் ஒரு வாய் மிச்சம் விடுங்கோ."

"கெதியா வாண்ணை" என்றாள் யோசப்பின்.

மீன் வந்தது. கொண்டுவந்தது பக்கத்து வீட்டுச் சிமியோன்.

"பேதுரு தந்துவிட்டவன். இன்னொரு வலை கிடக்காம். இழுத்துக்கொண்டு வாறானாம்."

கத்தரீனா செதில் உரித்தாள்.

மத்தியானம் பொரியலும் குழம்பும் பாயில் பரவின. பேதுருவின் சோற்றுக் கோப்பையை யோசப்பின் மூடி வைத்தாள். அடைக்கலநாதன் பொரித்த துண்டொன்றை மென்றுவிட்டுக் கிளாஸில் பாதியைக் குடித்தார். உடனே கையால் வாயைத் துடைத்தார்.

"சீ! வாய்க்குள்ளை ஆணி கிடக்கிற மாதிரி. மோன் சொன்னது சரிதான்."

சிரித்தபடி கிளாஸை நீட்டினார். சந்தியோகு வாங்கிக்கொண்டார்.

வெடி கேட்டது.

ஒன்று. பிறகு தொடர்ச்சியாக. பிறகு எதுவுமே இல்லை.

கத்தரீனா கரைப்பக்கம் ஓடினாள். சந்தியோகு கிளாஸை வாய்க்குக் கொண்டுபோனார். மென்ற மீன் இன்னும் வாயில் இருந்தது. ஒரு சொட்டு நாக்கில் பட்டது. இரும்புச் சுவை. கிளாஸை வாயிலிருந்து எடுத்தார். அடைக்கலநாதன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கிளாஸைத்தான் பார்த்தார்.

"அப்பா, அதை வையுங்கோ" என்றாள் யோசப்பின். "வைச்சிட்டு ஓடுங்கோ."

அவர் வைக்கவில்லை. குடிக்கவும் இல்லை. கிளாஸின் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு எழுந்து ஓடினார். படலை, குறுகிய ஒழுங்கை, கருவாடு காயும் மணல். விரலிடுக்கால் வைன் கசிந்து முழங்கை வரை இறங்கியது.

தூரத்தில் பேதுருவின் தோணி குறுக்காகத் திரும்பி, அலையின் போக்குக்கு ஆடிக்கொண்டிருந்தது. அதில் ஆள் நிற்பது தெரியவில்லை. படுத்திருக்கவும் கூடும். சந்தியோகு முழங்கால் தண்ணீரில் இறங்கிக் கூப்பிட்டார். ஒரு கையை ஆட்டிக் கூப்பிட்டார். மற்றக் கை, அந்தக் கிளாஸை நெஞ்சுக்கு நேரே, சரியாமல் பிடித்திருந்தது.